ரிஷபத்துக்கு எழுதிய ஆண்டு

எங்கள் ஊருக்கு அடுத்த வருஷம் ஆடி பதினெட்டிலேயே வந்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையில் சித்ரான்னம் சாப்பிடுகிற அந்த நாளில், சிவகாசியில் காலண்டர் கம்பெனிகள் சாமி கும்பிட்டுவிட்டு, வரப்போகிற வருஷத்தின் மாதிரி ஆல்பத்தை வெளியே விடும். ஏஜென்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கடை ஏறி ஆர்டர் பிடிப்பார்கள். அதற்கு முன்னால் தினசரி காலண்டரின் முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் எழுதி முடித்திருக்க வேண்டும். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் கணிப்பதற்கு ஜோதிடர் ஒருவர் இருக்கிறார். தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போட்டிருக்குமே, மேஷம் நன்மை, ரிஷபம் வரவு என்று, அதை எழுதுகிற ஆள் நான்.

எனக்கு ஜோதிடம் தெரியாது. கிரகங்களுக்கும் என்னைத் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் துண்டுச் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு சொல். டப்பாவைக் குலுக்கி, நாளுக்குப் பன்னிரண்டு சீட்டாக மேஜையில் அடுக்கிப் பார்த்து எழுதிவிடுவேன். தமிழ்நாட்டில் பாதிப் பேரின் காலை நேரத்துக் கவலையும் சந்தோஷமும் அந்த டப்பாவிலிருந்துதான் கிளம்புகிறது என்று வீட்டில் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். "மொதல்ல அதைக் கழுவி வைங்க, எறும்பு ஏறுது" என்றாள் என் மனைவி.

முதலாளி அண்ணாச்சி இந்த வேலைக்கு வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கெட்ட வார்த்தை கூடாது. அவர் கெட்ட வார்த்தை என்றது வசவை அல்ல.

"ஏலே, நகைக்கடைக்காரன் கும்பிட்டுக் குடுக்குற காலண்டர்ல 'நட்டம்'னு போட்டா வாங்குறவன் திரும்ப அந்தக் கடைக்கு வருவானா? அலைச்சல், செலவு, அதோட நிறுத்திக்கோ. அதுவும் நாளுக்கு ஒண்ணு. மத்ததெல்லாம் லாபமாப் போடு. நம்ம கைக்காசா போகுது?"

அதனால் வருஷாவருஷம் டப்பாவில் கையை விட்டு, ஆகாத சீட்டுகளைக் கழித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பேன். தனிமை, முடக்கம், அச்சம், தடை, பிரிவு, அவதி, இருமல். இருமல் எப்படி உள்ளே வந்தது என்று கேட்காதீர்கள். ஒரு மார்கழியில் எனக்கு இருந்தது, எழுதிப் போட்டேன்.

இனி என் சகலையைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கை புருஷன். சாத்தூரில் வீடு. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி ஆபீசில் லோடு எழுதிக்கொண்டிருந்தான். அந்த கம்பெனி மூடிக் கிடந்த ஒரு சீசனில், சிவகாசியில் சின்னதாகக் காலண்டர் அடிக்கும் இன்னொரு பிரஸ்ஸில் அவனுக்கும் இதே ராசி எழுதும் வேலை கிடைத்தது. என்னிடம் யோசனை கேட்டு வந்தான். பெரிய மனுஷன் கணக்காக நான் பிஸ்கட் டப்பா முறையை விளக்கினேன். "வார்த்தைக்கு எங்க போவேன் சகல?" என்று கேட்டான். நல்ல சீட்டுகளில் பாதியைக் கொடுத்திருக்கலாம். கை டப்பாவுக்குத்தான் போனது. டப்பாவை மூடிவிட்டு, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தேன். மேலாக்க ஒரு கைப்பிடி 'வரவு', 'சுகம்' தூவினேன், பிரியாணிக்கு மேல் கொத்தமல்லி மாதிரி. அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அவன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு இது. அவனுக்கு முடி கொட்டவில்லை. மாமனார் வீட்டில் அவன் வந்தால் கறி எடுப்பார்கள், நான் வந்தால் "முட்டை இருக்கா பாரு" என்பார்கள். காரணம் போதாதென்றால் இன்னும் இருக்கிறது, இடம்தான் இல்லை.

அடுத்த வருஷம்தான் உலகம் மூடியது. 

ஊரடங்கு போட்ட முதல் நாள் காலை, வழக்கம்போல என் மனைவி சுவரில் தாளைக் கிழித்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. என் ராசியை வாய்விட்டு வாசிப்பாள், தன்னுடையதை மனசுக்குள் வாசித்துக்கொள்வாள். எழுதுகிறவன் நான் என்று தெரிந்தும் நம்புவாள், அதுதான் அவளிடம் எனக்குப் புரியாதது.

"உங்களுக்கு இன்னைக்குப் 'பயணம்'" என்றாள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பயணம், விருந்து, சந்திப்பு, கூட்டு, கொண்டாட்டம். ஆகாயத்தில் ஒரு விமானம் கிடையாது, ரோட்டில் ஒரு பஸ் கிடையாது, நான் பன்னிரண்டு ராசிக்காரர்களையும் டூருக்கு அனுப்பியிருந்தேன்.

மத்தியானத்துக்குள் போன் குரூப்புகளில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்தது. வேறொரு காலண்டரின் அதே நாள் தாள். மேஷம் தனிமை. ரிஷபம் பொறுமை. மிதுனம் முடக்கம். கடகம் தடை. சிம்மம் அச்சம். அப்படியே இறங்கிக் கும்பத்தில் இருமல்! "சிவகாசி காலண்டர் முன்கூட்டியே சொன்ன அதிசயம், அனைவருக்கும் பகிரவும்" என்று கீழே எழுதியிருந்தது. என் சொந்தக்காரர்களிடமிருந்து மட்டும் அது எனக்கு எட்டு முறை வந்தது. சகலை ராசி எழுதிக் கொடுத்த பிரஸ்ஸின் தாள் அது. சீட்டு ஒவ்வொன்றும் என் கவரிலிருந்து போனது. இருமல்கூட என் இருமல்.

அந்த வருஷத்தில் என்னவெல்லாம் நடந்தது! வடக்கே வேலைக்குப் போனவர்கள் கால்நடையாக ஊர் திரும்பினார்கள். கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் போய்விட்டது. கல்யாணத்துக்கு ஆள் எண்ணி விட்டார்கள். பட்டாசுக்கு எங்கெங்கோ தடை போட்டு, எம். புதுப்பட்டிப் பக்கம் குடோன்களில் சரக்கு மலையாய்க் கிடந்தது. தீப்பெட்டி ஒட்டப் போகிற பெண்கள் முகக்கவசம் தைக்கப் போனார்கள். இவ்வளவுக்கும் நடுவில் நான் ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? சகலைக்கு ஒரு டிவிக்காரர்கள் பேட்டி கேட்டிருந்தார்கள், அதற்காக.

"தங்கச்சி வீட்டுக்காரர் போன் ஓயவே இல்லையாம்" என்றாள் என் மனைவி. "துபாய்லருந்துகூட கேக்காகளாம், எப்பத் திறக்கும்னு."

"அவன் என்ன பூட்டுச் சாவியா வச்சிருக்கான்?"

"ஒங்களுக்குத்தான் 'பயணம்' போட்டிருந்துச்சே. போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

தளர்வு வந்து பிரஸ் திறந்ததும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மூக்குக்குக் கீழே முகக்கவசம், மேஜையில் கைகழுவும் மருந்து. ஆல்பம் இந்த வருஷம் அச்சில்லை, செல்போனில் அனுப்பப் போகிறோம் என்றார். கடைக்காரர்கள் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஏஜென்டுகளில் பாதிப் பேர் இனி வேண்டாம். பைண்டிங்கில் பாதிப் பேர் வேண்டாம். எல்லாம் பாதியாகிக்கொண்டிருந்த அந்த அறையில் நான் முழுசாக நின்றுகொண்டிருந்தேன்.

"உன் சகலைய இங்கன கூட்டிட்டு வா. ராசி அவன் எழுதட்டும். 'முன்கூட்டியே சொன்னவர் எழுதியது'ன்னு அட்டையிலேயே போட்டுருவோம்."

"அப்ப நான் அண்ணாச்சி?"

அவர் சங்கடப்பட்டார். நல்ல மனுஷன். "உனக்கு வேற வேலை பார்ப்போம்லே. ஒரு ராசிக்கு ரெண்டு பேரா எழுத முடியும்?"

பதினாறு வருஷ வேலை. ஒரு வார்த்தை சொன்னால் போதும்: "அண்ணாச்சி, அந்த வார்த்தை அம்புட்டும் என்னுது." சொல்லியிருப்பேன். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. "நல்லதை நீ வச்சுக்கிட்டு, கழிச்சுப் போட்டதையா சொந்தச் சகலைக்குக் குடுத்த?"

மறுநாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு சாத்தூருக்குக் கிளம்பினேன். வழியில் தடுப்புப் போட்டிருந்த போலீஸ்காரர் நிறுத்தினார்.

"எங்க போறீக?"

"காலண்டர் வேலை சார்."

"இதென்ன அவசர வேலையா?"

"நாளைக்கு என்ன கிழமைன்னு ஊருக்குத் தெரிய வேணாமா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்கே இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியல, போங்க" என்று விட்டுவிட்டார்.

சகலை வீட்டில் கொழுந்தியாள் ஒரு தட்டு நிறையக் காராச்சேவும் காப்பியும் வைத்தாள். முன்னறையில் சகலை காதில் போனோடு உட்கார்ந்திருந்தான். எதிர்முனையில் ஒரு பெண் அழுவது எனக்கே கேட்டது. தாயில்பட்டிக்காரி. பட்டாசு கம்பெனி எப்போது திறக்கும், காலண்டரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறாள். சகலை எழுந்து, சுவரில் தொங்கிய காலண்டரின் தாள்களைப் புரட்டிப் பார்த்தான்.

"அடுத்த வாரம் 'ஆதரவு'ன்னு போட்டிருக்கு தாயி. அழாத. சாப்பிட்டியா?" என்றான்.

போனை வைத்தவன் முகத்தில் பேர் வாங்கிய சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. ஆள் இளைத்திருந்தான். முடி மட்டும் அப்படியே இருந்தது.

"சகல, எனக்குப் பயமா இருக்கு. சீட்ட வரிசையா எடுத்து வச்சேன், அவ்வளவுதான். இன்னைக்கு ஜனம் எங்கிட்ட வந்து உசுரு பொழைக்குமான்னு கேக்கு. நான் என்னத்தச் சொல்ல?"

நான் அண்ணாச்சி கூப்பிடுகிற விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே காராச்சேவு கசந்தது. சாத்தூர்ச் சேவு கசந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

"ஐயோ, நான் மாட்டேன் சகல. அது ஒங்க இடம். அந்த வார்த்தையே நீங்க குடுத்ததுதான." அவன் சிரித்தான். "அந்தக் கவர்ல நல்ல வார்த்தை கொறச்சலா இருந்துச்சு. கேக்கலாம்னு பார்த்தேன். ஒங்ககிட்டயே அம்புட்டுத்தான் இருக்கும்போல, அதுலயும் எனக்குப் பங்கு குடுத்திருக்காகளேன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் அண்ணாச்சிக்குப் போன் போட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணாச்சி, அந்தத் தாள்ல இருந்தது பூராவும் எங்க சகல எழுதிக் குடுத்த வார்த்தை. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவுகளையே எழுதச் சொல்லுங்க."

"ஏலே! இத அந்தக் கிறுக்குப்பய எங்கிட்ட சொல்லவே இல்லையே! எம்புட்டு அடக்கம் பாரு!" என்று அண்ணாச்சி போனில் கத்தினார்.

வேலை தப்பியது. அடக்கமானவன் என்ற பெயரும் கிடைத்தது. வேறொருவனாக இருந்தால் அன்றைக்குச் சகலையைக் கட்டிப் பிடித்திருப்பான். எனக்கு மொபெட்டில் திரும்பும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. அதுவரை அவனிடம் முடியும் கறிக்குழம்பும் அதிர்ஷ்டமும்தான் இருந்தன. இப்போது நல்ல குணமும் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஒரே ஆளுக்கு எத்தனைதான் கொடுப்பார் கடவுள்?

எழுத உட்கார்ந்தேன். ஆடி பதினெட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. டப்பாவைக் குலுக்கினேன், மேஷத்துக்கு வைத்தேன், ரிஷபம் வந்தது. சகலை ரிஷபம். பேட்டியில் அவனே சொல்லியிருந்தான், "என் ராசிக்குப் 'பொறுமை'ன்னு இருந்துச்சு, நானும் பொறுமையா இருக்கேன்" என்று. என் கை தானாக நீண்டது. அண்ணாச்சி சட்டப்படி நாளுக்கு ஒரு கெட்டது போடலாம். அந்த ஒன்று யாருக்குப் போக வேண்டும் என்று சட்டத்தில் இல்லையே?

ரிஷபம் அலைச்சல். ரிஷபம் செலவு. ரிஷபம் தாமதம். நடுநடுவே சந்தேகம் வராமலிருக்க ஒரு 'நட்பு', ஒரு 'சுகம்'. பிறகு கை பழகிவிட்டது. முடிவதற்குள் புதுச் சீட்டே எழுதிச் சேர்த்து விரயம், கலக்கம், அவதி வரை போய்விட்டேன். மற்ற பதினொரு ராசிக்கும் பாலும் தேனும் ஓடியதால் அண்ணாச்சி மேலாகப் பார்த்து, "மங்களமா இருக்குலே" என்று அனுப்பிவிட்டார். அவர் துலாம்.

வருஷம் பிறந்தது. ஆணியில் புதுக் காலண்டர் ஏறியது. என் மனைவி தினமும் கிழித்தாள், என் ராசியை வாசித்தாள், தன்னுடையதை மனசுக்குள் வாசித்தாள், தாளை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். சில நாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். குழம்பில் உப்பு சரியா என்று கேட்கிறாளாக்கும் என்று தலையை ஆட்டிவைத்தேன்.

போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த நோய் அந்த வருஷம் வெயில் காலத்தில் திரும்பி வந்தது. இந்த முறை எங்கள் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அவளுக்குக் காய்ச்சல். பரிசோதனையில் உறுதியாகி, உள்ளறையில் தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆக்சிஜன் அளக்கும் கருவியை விரலில் மாட்டச் சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று எண்ணைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குச் சமையல் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே முழுசாகத் தெரிந்தது.

முதல் நாள் காலை கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"காலண்டர் கிழிச்சீகளா?"

"கிழிச்சேன்."

"எனக்கு என்ன போட்டிருக்கு?"

நான் காலண்டர் முன்னால் நின்றேன். பதினெட்டு வருஷக் குடித்தனம். ஊருக்கே ராசி எழுதுகிறவன்.

"ஏன்டி... உன் ராசி என்ன?"

இருமினாள். இருமி முடித்துச் சொன்னாள்.

"ரிஷபம்."

தாளைப் பார்த்தேன். ரிஷபம், அவதி.

அது வெறும் சீட்டு, டப்பாவைக் குலுக்கியது, கிரகத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, எல்லாம் தெரியும். தெரிந்தும் கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டேன். அந்தச் சொல்லைக் குலுக்கிக்கூட எடுக்கவில்லையே. தேடி எடுத்து வைத்தேன்.

"'நலம்'னு போட்டிருக்கு" என்றேன்.

"ம்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் நானே கிழித்தேன். கலக்கம் வந்த அன்றைக்கு 'ஆரோக்கியம்' என்று வாசித்தேன். விரயம் வந்த அன்றைக்கு 'தெம்பு' என்று வாசித்தேன். அப்படி ஒரு சொல்லை எந்தக் காலண்டரிலும் போட்டதில்லை. தாள்களை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்தேன்.

தினமும் பத்து மணிக்கு வாசலில் மொபெட் சத்தம் கேட்கும். சாத்தூரிலிருந்து சகலை. ரசம், இட்லி, கபசுரக் குடிநீர். தூக்குவாளியைக் கேட்டில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று கேட்பான்.

"மதினி எப்படி இருக்காக சகல?"

"பரவால்ல."

"இந்த வருசம் ரிஷபத்துக்கே நேரம் சரியில்ல போல. எனக்கும் தினம் அப்படித்தான் போட்டிருக்கு. அக்காவுக்கும் ரிஷபந்தானேன்னு வீட்ல ஒரே அழுகை. நீங்க பார்த்துக்கோங்க, ஒங்களுக்கு ராசி நல்லாருக்கு."

நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ரசம் அபாரமாக இருந்தது. அவன்தான் வைத்ததாம். சமையலும் வருமாம்.

பதினாலு நாள் கழித்துக் கதவு திறந்தது. மெலிந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் நேராகக் காலண்டர் முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு நான் இன்னும் தாள் கிழித்திருக்கவில்லை. முந்தின நாள் தாள்தான் மேலே இருந்தது. ரிஷபம், அலைச்சல்.

"நேத்து 'மகிழ்ச்சி'ன்னு வாசிச்சீக" என்றாள்.

"கண்ணாடி போடாம வாசிச்சிருப்பேன்."

"தங்கச்சி தினம் காலைல அவ வீட்ல தொங்குற ஒங்க காலண்டர்த் தாளப் படம் புடிச்சு எனக்கு அனுப்பிட்டுத்தான் பல்லே விளக்குவா. 'அவதி'ய 'நலம்'னு வாசிச்சீகளே அன்னைக்கே தெரியும். எழுதுனவரு திருத்தி வாசிச்சா யாரு கேக்கன்னு விட்டுட்டேன்." தாளைக் கிழித்து என் கையில் வைத்தாள். "அதென்ன, ரிஷபத்து மேல இந்த வருசம் அம்புட்டுக் கோவம்?"

சொன்னேன். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூச்சு வாங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 

"அடுத்த வருசம் ஒழுங்கா எழுதுங்க" என்றாள். "நான் கிழிக்கணும்ல."

அதிலிருந்து இன்றுவரை ஒழுங்காகத்தான் எழுதுகிறேன். டப்பாவைக் குலுக்குவதற்கு முன்பே ரிஷபத்துக்கு மட்டும் நல்ல சீட்டுகளைத் தனியே பொறுக்கி வைத்துவிடுவேன். வரவு, மேன்மை, லாபம், யோகம். என் மனைவி இப்போது தன்னுடையதையும் வாய்விட்டு வாசிக்கிறாள்.

சங்கடம் என்னவென்றால், அவளுக்குத் தனி ரிஷபம், அவனுக்குத் தனி ரிஷபம் என்று அடிக்க முடியாது. போன மாதம் சகலை புதுக் கார் எடுத்தான். ஸ்வீட் டப்பாவோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் ஒங்க கைராசி சகல. அன்னைக்கு ரிஷபம் 'வாகன யோகம்'னு போட்டிருந்தீக. நம்பி எடுத்துட்டேன்."

உள்ளேயிருந்து அவள் சிரிப்பது கேட்டது. அடுத்த ஆடிக்கான தாள்கள் மேஜையில் கிடக்கின்றன. ரிஷபத்துக்கு 'லாபம்' எழுதிக்கொண்டிருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.